ஆறு தடவை கிளீனிங் போட்டும் கருப்பு வரவில்லை!

கேள்வி: எங்கள் வீட்டு இங்க் டேங்க் பிரிண்டர் மே மாதம் முழுக்கச் சும்மா கிடந்தது. இப்போது பையனின் பள்ளி புராஜெக்டுக்கு பிரிண்ட் எடுத்தால் கருப்பு கோடு கோடாக விட்டுவிட்டு வருகிறது, நீலம் பாதிதான் வருகிறது. மை தெளிக்கும் பாகமான ஹெட்டுக்கு ஆறு தடவை கிளீனிங் போட்டேன், மை இறங்கியதுதான் மிச்சம். சர்வீஸ்காரர் ஹெட்டையே மாற்றணும் என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா வெந்நீரில் துடைக்கச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: இப்போதைக்கு இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம், அந்த கிளீனிங் பட்டனிலிருந்தும் கையை எடுங்கள். ஒவ்வொரு கிளீனிங்கிலும் உறிஞ்சப்படும் மை, பிரிண்டருக்குள் இருக்கும் கழிவு ஸ்பாஞ்சில்தான் போய்ச் சேருகிறது. அது நிறைந்துவிட்டதாகக் கணக்கு வந்தால் பிரிண்டரே வேலைநிறுத்தம் செய்துவிடும், அப்புறம் அதற்கு ஒரு தனிச் செலவு.

அக்கா சொன்னது முழுக்கத் தப்பில்லை. சில பிரிண்டர்களில் ஹெட் கார்ட்ரிட்ஜின் அடியிலேயே இருக்கும், கழற்றி வெதுவெதுப்பான நீரில் நனைத்த டிஷ்யூமேல் ஒரு நிமிடம் ஒற்றி எடுத்தால் போதும். ஆனால் பல இங்க் டேங்க் மாடல்களில் ஹெட் பிரிண்டரோடு சேர்ந்தே இருக்கும், உங்களுடையதும் அப்படியென்றால் அங்கே வெந்நீர் ஊற்றினால் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு போய்விடலாம்.

மை வரும் துளைகள் எல்லாம் வேலை செய்கிறதா என்று காட்டும் நாசில் செக் பக்கத்தை இரண்டு தடவை எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். விடுபட்ட கோடுகள் ஒவ்வொரு தடவையும் இடம் மாறினால் அது அடைப்பு இல்லை, குழாயில் காற்று. டேங்கில் மை கீழ்க்கோட்டுக்கு மேலே இருக்கிறதா என்று பார்த்து, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிட்டு, காலையில் ஒரே ஒரு கிளீனிங். அதே இடத்திலேயே விட்டால்தான் மை காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பல மாடல்களில் கருப்பு மட்டும் நிறமித்தூள் கலந்த மை, காய்ந்தால் சீக்கிரம் கரையாது. ஊறத்தான் வேண்டும், கருவாட்டுப் பானை மாதிரி.

ஊறவைக்க, பிரிண்டரை ஆன் செய்து, ஹெட் நகர்ந்து வெளியே வரும்போது பிளக்கைப் பிடுங்குங்கள். ஹெட் வழக்கமாக உட்காரும் மூலையில், பெரும்பாலும் வலது ஓரம், சின்ன ரப்பர் தொட்டி தெரியும். அதில் டிஸ்டில்ட் வாட்டர் சில சொட்டு விட்டு, ஹெட்டை மெதுவாக அதன்மேல் தள்ளி, ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். தள்ள வரவில்லையென்றால் அழுத்த வேண்டாம். லாரித் தண்ணீர், போர் தண்ணீர் எதுவும் கூடாது, அதிலுள்ள உப்பே புது அடைப்பாகிவிடும். பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் பாட்டில் கிடைக்கும். ஆசிட் பாட்டிலை வாங்கி வந்துவிடாதீர்கள், லேபிளைப் படியுங்கள்.

காலையில் ஒரு கிளீனிங், ஒரு நாசில் செக். கொஞ்சம் தேறியிருந்தால் அன்று ராத்திரியும் ஊறட்டும். மூன்று ராத்திரி ஊறியும் அசையவில்லை என்றால் சர்வீஸ்காரரைக் கூப்பிடுங்கள், ஹெட் விலையோடு புது பிரிண்டர் விலையையும் சேர்த்தே கேளுங்கள்.

ஆமாம், பிரிண்டரைச் சுவர் ஸ்விட்சில் அணைக்கிற பழக்கம் உண்டா? அப்படி அணைத்தால் ஹெட் அந்த ரப்பர் தொட்டிமேல் போய் உட்காராமல் திறந்தபடி நின்றுவிடலாம். பிரிண்டர் பட்டனில் அணைத்த பிறகு சுவர் ஸ்விட்சைத் தொடுங்கள், வாரம் ஒரு கலர் பக்கம் எடுங்கள், அடுத்த மே மாதமும் சேர்த்துத்தான்.