பொம்மைச் சிப்பாய்களுக்கு 'வாஷ்' எதற்கு?

வாட்டர்லூ (1815) மாதிரி பழைய போர்களைப் பொம்மைச் சிப்பாய்களை வைத்து மேசைமேல் விளையாட்டாக ஆடுபவர்கள், சிப்பாய்க்கு அடித்த பெயின்ட் காய்ந்ததும் மேலே அழுக்குத் தண்ணீர்போல ஒன்றைப் பூசுவார்கள். அதுதான் வாஷ், நீர்த்த அடர்நிறச் சாயம், பெரும்பாலும் கரும்பழுப்பு. காரணம், 28 மி.மீ. பொம்மையின் சட்டை மடிப்பில் விழும் நிழல் கண்ணுக்கே தெரியாது, பிரிட்டிஷ் சிப்பாயின் சிவப்புக் கோட்டு வெறும் சிவப்புத் திட்டாக நிற்கும். வாஷ் மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் தங்கி, இல்லாத நிழலை உண்டாக்கும். பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்கினால் மேடு பளபளக்கும், இடுக்கில் கறுப்பு தங்கும், அதனால்தான் பூவேலையே தெரியும், இல்லையா? அதேதான். பொத்தான் வரிசையும் விரல் இடுக்கும் எழுந்து வருவதைப் பார்ப்பது தனிச் சுகம்.

அப்புறம், கறுப்பு பெயின்ட்டில் தண்ணீர் ஊற்றினாலே வாஷ் என்று பலர் நினைக்கிறார்கள். வெறும் தண்ணீர் என்றால் திரண்டு நின்று, காய்ந்ததும் டீ கிளாஸ் வைத்த வட்டம்போலக் கறை விடும், அதற்கான மீடியம் (பெயின்ட்டை நீர்க்க வைக்கும் நிறமற்ற திரவம்) கலந்தால்தான் இடுக்கில் ஒழுங்காக இறங்கும்.