பூ உதிர்ந்த ஆர்க்கிட்: தண்ணீரைக் கவனியுங்கள்

பூ உதிர்ந்ததிலிருந்து ஆர்க்கிட் இலை சுருங்குகிறது, தொட்டி மாற்றலாமா, போர் தண்ணீர் எவ்வளவு ஊற்றலாம் என்று கேட்டிருந்தீர்கள். பூ உதிர்வது இயல்புதான் அக்கா. தொட்டி மாற்றவும் இதுதான் நேரம்.

எனக்குச் சந்தேகம் அந்தத் தண்ணீர் மேல்தான். நானும் உங்களைப் போல ராமேஸ்வரம் பக்கத்துக் கடலோர மண்டபம் ஊர்க்காரன். போர் தண்ணீர் ஊற்றி ஊற்றி என் தொட்டியில் கரித்துண்டுகள் மேல் வெள்ளையாக உப்புப் பூத்தது, வேர் நுனியெல்லாம் கருகிவிட்டது. இப்போது ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடத்தில் பிடித்துவைக்கிறேன். தீர்ந்தால் கேன் தண்ணீர். (வீட்டில் திட்டு விழும், அது வேறு கதை.)

செடியை உருவி வேரை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருப்பதை விட்டுவிட்டு, கொழகொழவென்று இருப்பதை வெட்டிவிடுங்கள். மண் வேண்டவே வேண்டாம். தேங்காய் மட்டைத் துண்டுகளும் கரியும் போதும். மட்டையிலும் உப்பு உண்டு. இரண்டு மூன்று நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றுங்கள்.

அப்புறம், தண்ணீருக்குக் கிழமைக் கணக்கு வைக்காதீர்கள். வேர் பச்சையாக இருந்தால் ஈரம் இருக்கிறது. வெள்ளி நிறமாக வெளுத்த பிறகு, காலையில், நடுக்குருத்தில் தேங்காமல் ஊற்றுங்கள்.