எல்லாம் முன்குறிக்கப்பட்டது என்றால் நம் தெரிவுக்கு என்ன மதிப்பு? இயேசுவைக் கேள்விப்படாமலே இறந்தவர்களின் கதி என்ன?

நீங்கள் விளக்கத்தில் எழுதியிருப்பதை மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தாத்தா சுவிசேஷத்தைச் சரியாகக் கேட்காமலே இறந்துவிட்டார். வேதபாடம் எடுக்கும் ஒருவர் பைபிளில் ரோமர் 9ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டி, "அவர் தெரிந்துகொள்ளப்பட்டவர் இல்லை", அதாவது இரட்சிப்புக்கென்று கடவுள் முன்கூட்டியே தேர்ந்தெடுத்தவர் இல்லை என்றார். இன்னொருவர், "அவருக்கு சுயசித்தம் இருந்தது, அவர்தான் தேடவில்லை" என்றார். இதில் யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள்.

இரண்டு பேருக்குமே அப்படிச் சொல்ல உரிமை கிடையாது என்பதுதான் என் பதில். யார் இரட்சிக்கப்படுவார் என்பதைக் கடவுளே முன்குறிக்கிறார் என்கிற கால்வினிசமும், கிருபையை மனிதன் மறுக்க முடியும் என்கிற ஆர்மீனியனிசமும்தான் அவர்கள் தூக்கிப் பிடிப்பவை. அவைகூட அந்த உரிமையைக் கொடுக்கவில்லை. "நான் எப்படி இங்கே வந்து சேர்ந்தேன்?" என்று நினைத்து மலைத்துப்போகிற விசுவாசிக்குச் சொல்லப்பட்டதுதான் தெரிந்துகொள்ளுதல் என்ற உபதேசம். இன்னொருவரைச் சுட்டிக்காட்டி "இவர் ஏன் வரவில்லை?" என்று கேட்பவருக்கு அதில் பதில் வைக்கப்படவில்லை. ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் சரித்திரம் பார்க்க வேண்டும்.

இந்த விவாதம் ஒரு ஜெபத்திலிருந்து கிளம்பியது. "நீர் கட்டளையிடுவதைச் செய்யும் பலத்தைத் தாரும், பிறகு நீர் விரும்புவதைக் கட்டளையிடும்" என்ற பொருளில் வட ஆப்பிரிக்க ஆயர் அகஸ்டின் எழுதிய ஒரு வரி ரோமில் இருந்த பெலேஜியஸ் என்ற துறவிக்குக் கோபமூட்டியது. எல்லாவற்றையும் கடவுளே தர வேண்டும் என்றால் மனிதன் எதற்குப் பாடுபடுவான் என்பது அவர் கவலை. நியாயமான கவலைதான். ஆனால் அகஸ்டினுக்கு வேறொன்று தெரிந்திருந்தது. விசுவாசம் மனிதன் எடுத்து வைக்கிற முதல் அடி என்றுதான் அவரும் முன்பு நினைத்திருந்தார். 396 வாக்கில் ரோமர் 9ஐ ஆராய்ந்தபோது, "உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?" என்ற 1 கொரிந்தியர் 4:7 அவரைத் திருப்பிப் போட்டது. தன் பழைய வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்த மனிதர் சொன்ன நன்றி அது. 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்களின் சங்கம் பெலேஜியஸின் போதனையைத் தள்ளியது. 529இல் ஆரஞ்சு நகரில் கூடிய சங்கம், முதல் அடி கடவுளுடைய கிருபையே என்று உறுதிசெய்தது. அதே கையோடு, கடவுள் யாரையாவது தீமைக்கென்று முன்குறித்தார் என்று சொல்பவர்களைச் சபிக்கவும் செய்தது. இரண்டாவது பாதியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம் நெதர்லாந்து. இன்று வாட்ஸ்அப் குழுக்களில் "கால்வினிசத்தின் ஐந்து குறிப்புகள்" என்று சுற்றுவது ஜெனீவாவின் சீர்திருத்தவாதி கால்வின் போட்ட பட்டியல் இல்லை. அவர் 1564இலேயே இறந்துவிட்டார். லெய்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த யாக்கோபு ஆர்மீனியஸ் முன்குறித்தலின் கடுமையான விளக்கத்தை ஏற்கவில்லை. சக பேராசிரியர் கோமாரஸோடு மோதினார். 1609இல் ஆர்மீனியஸ் இறந்தார். அடுத்த வருடம் அவரைப் பின்பற்றிய போதகர்கள் ஐந்து அம்சங்களாக ஒரு விண்ணப்பம் கொடுத்தார்கள். அதற்குப் பதில் சொல்ல 1618 நவம்பரில் டோர்ட்ரெக்ட் நகரில் சங்கம் கூடியது. இங்கிலாந்து, ஜெனீவா, ஜெர்மன் நாடுகள் என்று பல இடங்களிலிருந்தும் வந்தார்கள். பிரெஞ்சுக்காரர்களை அவர்கள் அரசர் விடவில்லை. அவர்களுக்கென்று போட்ட இருக்கைகள் காலியாகவே இருந்தன. ஆர்மீனியஸ் பக்கத்தவர்கள் குற்றவாளிகளைப் போல அழைக்கப்பட்டு, 1619 ஜனவரியில் வெளியே அனுப்பப்பட்டார்கள். மே 9இல் வெளிநாட்டுப் பிரதிநிதிகள் விடைபெற்றார்கள். நான்கே நாளில், மே 13 அன்று, ஆர்மீனியஸ் தரப்புக்கு அரணாக இருந்த மூத்த ராஜதந்திரி ஓல்டன்பார்னவெல்ட்டின் தலை ஹேக் நகரில் வெட்டப்பட்டது. வயது 71. குற்றச்சாட்டு தேசத்துரோகம், இளவரசர் மாரிஸுடனான அதிகாரப் போட்டிதான் பெரிய காரணம். ஆனாலும் கிருபையைப் பற்றிய வாக்குவாதம் அந்த மேடைவரை கூடவே நடந்து போனது. இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது.

சரி, இரண்டு தரப்பும் உண்மையில் என்ன எழுதின? 1610 விண்ணப்பத்தின் மூன்றாவது அம்சத்தை எடுத்துப் பாருங்கள். மனிதன் தன் சுயசித்தத்தின் பலத்தால் இரட்சிக்கும் விசுவாசத்தை உண்டாக்கிக்கொள்ள முடியாது, ஆவியானவரால் மறுபடியும் பிறக்க வேண்டும் என்கிறது அது. நான்காவது, எந்த நன்மைக்கும் தொடக்கமும் முடிவும் கிருபையே, ஆனால் மனிதன் அதை எதிர்த்து நிற்க முடியும் என்கிறது. "அவர்தான் தேடவில்லை" என்று உங்கள் தாத்தாவைப் பற்றிச் சொன்னவர் இந்தப் பக்கத்து ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். ஆர்மீனியஸ் அதை ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். கிருபை முதலில் வராமல் யாருமே தேடுவதில்லை என்பதுதான் அவர் போதனை.

டோர்ட்ரெக்ட் சங்கத்தின் தீர்மானங்களும் நம் ஊர் மேடைகளில் கேட்பதைவிட மென்மையானவை. கிறிஸ்துவின் மரணம் முழு உலகத்தின் பாவத்துக்கும் தாராளமாகப் போதுமானது என்று அதில் இருக்கிறது. சுவிசேஷத்தால் அழைக்கப்படுகிறவர்கள் எல்லாரும் மெய்யாகவே அழைக்கப்படுகிறார்கள் என்று இருக்கிறது. கிருபை மனிதர்களைக் கட்டைகளாகவும் கற்களாகவும் நடத்துவதில்லை, சித்தத்தை அழிப்பதில்லை என்றும் இருக்கிறது. சங்கத்துக்குள்ளேயே இங்கிலாந்திலிருந்து வந்த டேவனன்ட் போன்றவர்கள், கிறிஸ்து ஒரு பொருளில் எல்லாருக்காகவும் மரித்தார் என்று வாதாடினார்கள்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது முதல் பகுதியின் 17ஆம் பிரிவு. விசுவாசிகளின் பிள்ளைகள் சிறுவயதில் இறந்தால், அந்தப் பிள்ளைகளின் தெரிந்துகொள்ளுதலையும் இரட்சிப்பையும் பற்றிப் பெற்றோர் சந்தேகப்பட வேண்டாம் என்கிறது அது. முடிவுரையிலும், ஒரு குற்றமும் செய்யாத குழந்தைகளைத் தாயின் மார்பிலிருந்து பிடுங்கிக் கடவுள் நரகத்தில் எறிகிறார் என்று நாங்கள் போதிப்பதாகச் சொல்வது பழி என்று கொதித்துப்போய் எழுதியிருக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். சுயசித்தத்துக்கு ஓர் அங்குலம்கூட இடம் கொடுக்கக் கூடாது என்று உட்கார்ந்த சபை அது. குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த தாயின் முன்னால், பட்டியலில் பெயர் இருக்கிறதோ இல்லையோ என்று சொல்ல அவர்களுக்கே மனம் வரவில்லை.

எங்கள் ஊரில் ஓர் அக்காவுக்குப் பிறந்து சில வாரங்களில் குழந்தை தவறிவிட்டது. ஞானஸ்நானத்துக்குத் தேதி குறித்து, வெள்ளை கவுன் வாங்கி, விலைச்சீட்டுகூடப் பிரிக்காமல் பீரோவில் வைத்திருந்தார்கள். "ஞானஸ்நானம் ஆகலையே" என்று துக்கம் விசாரிக்க வந்த ஒரு பெரியம்மா சொல்லிவிட்டுப் போனதை அந்த அக்கா மாதக்கணக்கில் சுமந்துகொண்டிருந்தார். நான் அந்த 17ஆம் பிரிவைத் தமிழில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஞானஸ்நானம் ஆகியிருக்க வேண்டும் என்று அதில் நிபந்தனை இல்லை என்று காட்டினேன். அவர் அதை மடித்து பைபிளுக்குள் வைத்துக்கொண்டார். ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளுக்கு மிக இலேசானதென்றாலும் ஆக்கினை உண்டு என்று அகஸ்டின் எழுதியது, மேற்கத்திய சபைக்குள் பல நூற்றாண்டுகள் தாய்மாரை அழவைத்தது. கத்தோலிக்க சபையின் இறையியல் ஆணைக்குழு 2007இல் வெளியிட்ட அறிக்கைதான் அந்தக் குழந்தைகளுக்காக நம்பிக்கை கொள்ள வலுவான காரணங்கள் உண்டு என்று விரிவாகச் சொன்னது. அமெரிக்கப் பிரஸ்பிட்டேரியன் சபை 1903இலேயே, சிறுவயதில் இறக்கும் எல்லாரும் இரட்சிக்கப்படுகிறார்கள் என்றே தாங்கள் நம்புவதாக அறிவித்துவிட்டது.

இப்போது தாத்தா விஷயத்துக்கு வருகிறேன். முன்குறித்தலை நம்புகிறவர்கள் எல்லாரும் குறுகிய மனசுக்காரர்கள் என்று நினைக்காதீர்கள். சூரிச்சின் சீர்திருத்தவாதி ஸ்விங்லி முன்குறித்தலில் கால்வினுக்குக் கொஞ்சமும் குறைந்தவர் இல்லை. அவர் இறந்த வருடமான 1531இல் பிரான்ஸ் அரசருக்கு ஒரு விசுவாச விளக்கம் எழுதினார். பரலோகத்தில் நீங்கள் ஆதாமையும் ஆபேலையும் பவுலையும் காண்பீர்கள் என்று அடுக்கிக்கொண்டே போய், சாக்ரடீஸையும் அந்த வரிசையில் சேர்த்தார். லூத்தர் கொதித்தார். ஆனால் ஸ்விங்லியின் தர்க்கம் நேரானது: தெரிந்துகொள்வது கடவுளின் சுதந்திரம் என்றால், அந்தச் சுதந்திரத்தை நாம் அறிந்த எல்லைக்குள் அடைத்துவைக்க நாம் யார்? பிரஸ்பிட்டேரியன்கள் பின்பற்றுகிற, 1646ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும் குழந்தைகளோடு சேர்த்து, வசனத்தால் வெளிப்படையாக அழைக்கப்பட இயலாத மற்ற தெரிந்துகொள்ளப்பட்டவர்களும் உண்டு என்று ஒரு வரி எழுதி வைத்திருக்கிறது. அந்த வரி யாரையெல்லாம் குறிக்கும் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் கதவு முழுசாகச் சாத்தப்படவில்லை.

உங்கள் கேள்வியைச் சரியாக உங்களைப் போலவே கேட்டவர்கள் ஜப்பானில் இருந்தார்கள். நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் ஊழியம் செய்த பிரான்சிஸ் சவேரியார் பிறகு ஜப்பான் போனார். அங்கிருந்து திரும்பி 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதத்தில், யாமகுச்சியில் விசுவாசித்தவர்களின் பெரிய துக்கத்தைப் பற்றிச் சொல்கிறார். எங்கள் தாய் தகப்பன்மார், முன்னோர்கள் எல்லாம் என்ன ஆனார்கள், ஜெபத்தாலோ தர்மத்தாலோ அவர்களுக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். முடியாது என்று இவர் சொல்லியிருக்கிறார். அவர்கள் அழுதார்கள். தன் அன்புக்குரியவர்கள் இப்படி வேதனைப்படுவதைக் கண்டு தனக்கும் கண்ணீரை அடக்க முடியாமல் போனதை அவரே எழுதுகிறார். அன்றைய இறையியல் அவர் கையில் கொடுத்த பதில் அது. அதைச் சொன்ன வாய்க்கே அது கசந்திருக்கிறது. 1964 நவம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தங்கள் குற்றமின்றி சுவிசேஷத்தை அறியாதிருந்து, உண்மையான மனதோடு கடவுளைத் தேடி, கிருபையால் ஏவப்பட்டு மனச்சாட்சியின்படி நடப்பவர்களும் இரட்சிப்பை அடைய முடியும் என்று எழுதியது. யாமகுச்சிக்காரர்களுக்கு அது நானூறு வருடம் பிந்திய பதில்.

நான் எந்தப் பக்கம் என்று கேட்பீர்கள். மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் பக்கம் நிற்கிறவன் நான். கிருபை எல்லா மனிதரிடமும் முந்திக்கொண்டு வருகிறது, அதனால்தான் யாருக்குமே "வருகிறேன்" என்று சொல்ல முடிகிறது, அதே மனிதன் "வேண்டாம்" என்றும் சொல்ல முடியும் என்று நம்புகிறேன். எருசலேமைப் பார்த்து இயேசு "உங்களுக்கோ மனதில்லாமற்போயிற்று" என்று சொன்னதை வேறு எப்படி வாசிப்பதென்று எனக்குத் தெரியவில்லை. "எல்லா மனுஷரும் இரட்சிக்கப்படவும்" தேவன் சித்தமுள்ளவராயிருக்கிறார் என்ற வசனத்தில் "எல்லா" என்றால் எல்லாரும்தான். வெஸ்லியும், முன்குறித்தலை நம்பிய அவர் நண்பரான பிரசங்கியார் ஒயிட்ஃபீல்டும் இதற்காக 1740 வாக்கில் வெளிப்படையாகவே பிரிந்தார்கள். ஒயிட்ஃபீல்ட் அமெரிக்காவிலிருந்து காட்டமாகப் பதில் எழுதினார். ஆனால் 1770இல் அவர் இறந்தபோது, அவர் முன்பே கேட்டுக்கொண்டிருந்தபடி லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லிதான். நம் பக்கத்திலும் பாருங்கள். 1947 செப்டம்பர் 27இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, வெஸ்லியின் வழிவந்த மெத்தடிஸ்டுகளும் வெஸ்ட்மின்ஸ்டர் வழிவந்த பிரஸ்பிட்டேரியன்களும் ஒரே திருவிருந்து மேசைக்கு வந்தார்கள். இந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடித்த பிறகுதான் சேருவோம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

என் நிலையில் ஒரு பலவீனம் இருப்பதும் எனக்குத் தெரியும். ஒரே வீட்டில், ஒரே பிரசங்கத்தைக் கேட்ட அண்ணன் வருகிறான், தம்பி வரவில்லை. வித்தியாசம் அண்ணனுடைய நல்ல மனசுதான் என்றால், அண்ணன் பெருமைப்பட இடம் வந்துவிடுகிறது. கால்வினிஸ்டுகள் இந்த இடத்தில் விரலை வைக்கும்போது எனக்கு முழுப் பதில் கிடையாது. அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பதற்கும் அவர்களிடம் முழுப் பதில் கிடையாது: தம்பியைத் தெரிந்துகொள்ளாமல் கடந்து போன கடவுள் தம்பியை நேசிக்கிறார் என்று எப்படிச் சொல்வீர்கள்? பிலிப்பியர் 2:12 "உங்கள் இரட்சிப்பு நிறைவேற பிரயாசப்படுங்கள்" என்கிறது. அடுத்த வசனமே விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவனே என்கிறது. பவுலுக்கு இரண்டுக்கும் நடுவில் ஒரு "ஏனெனில்" போதுமாக இருந்தது.

இயேசுவிடமே ஒருவன் வந்து, "இரட்சிக்கப்படுகிறவர்கள் சிலபேர்தானோ" என்று கேட்டான். லூக்கா 13இல் இருக்கிறது. ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இடுக்கமான வாசல் வழியாய் உட்பிரவேசிக்கப் பிரயாசப்படுங்கள் என்று கேள்வியைக் கேட்டவன் பக்கமே திருப்பிவிட்டார். அதோடு, முதலில் வந்துவிட்டதாக நினைப்பவர்கள் வெளியே நிற்பதையும், கிழக்கிலும் மேற்கிலும் இருந்து ஜனங்கள் வந்து பந்தியிருப்பதையும் சொன்னார்.

உங்கள் தாத்தாவைப் பற்றி அந்த இருவரும் மறுபடி பேச்செடுத்தால், வாதம் செய்ய வேண்டாம். ரோமர் 9ஐ, "யாக்கோபைச் சிநேகித்து, ஏசாவை வெறுத்தேன்" என்ற 13ஆம் வசனத்தில் ஆரம்பிக்காமல் 1ஆம் வசனத்தில் ஆரம்பித்து, 11ஆம் அதிகாரம் முடியும்வரை சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். "எனக்கு மிகுந்த துக்கமும் இடைவிடாத மனவேதனையும் உண்டாயிருக்கிறது" என்றுதான் பவுல் ஆரம்பிக்கிறார். தன் ஜனத்துக்காகத் தானே சபிக்கப்பட்டவனாகிவிட்டாலும் பரவாயில்லை என்கிறார். குயவன் களிமண்ணைத் தன் விருப்பப்படி வனைவதுபோலக் கடவுள் என்ற உவமை அதற்குப் பிறகுதான் வருகிறது. 11:32இல், எல்லார்மேலும் இரக்கமாயிருக்கத்தக்கதாகவே என்று முடிக்கிறார். வாசித்த பிறகும் அவர்கள் தாத்தாவைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல விரும்பினால், பவுலுக்கு இருந்த அந்த மனவேதனை தங்களுக்கும் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.