திருகோணமலை வெயிலுக்கு அழகும் இதமும் சேர்ந்த உடைகளை எப்படித் தேர்ந்து தைப்பது?

நுவரெலியாவிலிருந்து மாற்றலாகி வந்திருப்பதாகவும், கொண்டுவந்த உடைகளில் ஒன்றுகூட இவ்வூர் வெயிலுக்கு ஒத்துவரவில்லை என்றும், தையல் மெசின் கையில் இருப்பதால் நீங்களே தைத்துக்கொள்ள விரும்புவதாகவும் கேட்டிருந்தீர்கள். உப்புவெளியில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வீட்டிலிருந்தபடியே பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உடை தைத்து வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

துணிக்கடைக்குப் போகும் முன் இங்குள்ள காற்றைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு, ஈரம் வற்றிக் கீழிறங்குகையில் சூடேறி, மே முதல் செப்டெம்பர் வரை இந்தக் கரையில் வீசுகிறது. இதைத்தான் நாங்கள் கச்சான் என்கிறோம். அந்தக் காற்று சட்டைக்குள் புகுந்து வெளியேற வழியிருந்தால் வியர்வை உலர்ந்து உடல் குளிரும். வழியில்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய துணியும் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். எனவே துணியின் பெயரைவிட வெட்டின் தளர்வுக்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

துணியைப் பொறுத்தவரை, வெயிலுக்குப் பருத்தியையும் லினனையும் தாராளமாக நம்பலாம். சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் 100 கிராம் உலர்ந்த பருத்தி ஏறத்தாழ 8 கிராம் ஈரத்தையும், லினன் ஏறத்தாழ 12 கிராம் ஈரத்தையும் தன்னுள் இழுத்துக்கொள்ளும். பொலியஸ்டரோ அரைக் கிராமைக்கூட இழுக்காது. கடையில் 'கொட்டன்' என்று சொல்லித் தருவதில் பாதி கலப்பாக இருப்பதுண்டு. துண்டுத்துணியில் நான்கைந்து இழைகளை உருவி, பாத்திரத்தின் மேல் பிடித்து நெருப்பு வைத்துப் பாருங்கள். பருத்தி கடதாசி எரியும் வாசனையோடு எரிந்து, விரலில் பட்டதும் உதிரும் சாம்பலாகும். பொலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கடினமான மணியாக நிற்கும். ரேயோன் குளிர்ச்சியாகவும் குழைவாகவும் இருக்கும், ஆனால் நனைந்தால் வலுவிழக்கும் என்பதால் தினமும் துவைக்கும் உடைக்கு நான் அதைச் சொல்வதில்லை. வெட்டுவதற்கு முந்தைய இரவு துணியை வெறும் நீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்த மறக்காதீர்கள். பருத்தி சுருங்க வேண்டியதெல்லாம் அப்போதே சுருங்கிவிட வேண்டும்.

இதையெல்லாம் அறிந்திருந்தும் நான் ஒருமுறை தவறு செய்தேன். என் மகளுக்கு ஆறு வயதாக இருந்தபோது, வாயில் (voile) எனப்படும் மெல்லிய துணியில் மிக ஆசையாக ஒரு சட்டை தைத்து, உள்ளே தெரியக்கூடாது என்பதற்காகக் கழுத்திலிருந்து கீழ்விளிம்பு வரை பளபளப்பான பொலியஸ்டர் உள்துணி கொடுத்துவிட்டேன். சித்திரை மாத முற்பகலில் அவளைக் கோணேசர் கோயிலுக்கு அழைத்துச் சென்றோம். பிரெட்றிக் கோட்டை வாசலிலிருந்து மேட்டில் ஏறிக் கோயிலை அடைவதற்குள் பிள்ளை அழத் தொடங்கினாள். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியபோது முதுகு முழுவதும் வேர்க்குரு சிவந்திருந்தது. அன்றிலிருந்து நான் உள்துணியை முழு நீளத்துக்குக் கொடுப்பதே இல்லை. மெல்லிய துணியானால் மார்புக்கு மட்டும் அதே நிறப் பருத்தியை இணைத்து, இடுப்புக்குக் கீழே தனியாக ஒரு பருத்தி உள்பாவாடை அணியுங்கள். இரண்டுக்கும் இடையில் காற்று ஓடும்.

இனி வெட்டைச் சொல்கிறேன். மார்பளவுடன் மொத்தமாக நான்கு முதல் ஆறு அங்குலம் வரை தளர்வு சேர்த்துக்கொள்ளுங்கள். தளர்வு வேண்டும் என்று நினைத்துப் புதிதாகத் தைப்பவர்கள் பெரும்பாலும் கைக்குழியை ஆழமாக வெட்டிவிடுகிறார்கள், ஆனால் கைக்குழி தாழத் தாழ, கையை உயர்த்தும்போது சட்டை முழுவதும் மேலே இழுபடும் என்பதைத் தைத்த பிறகே உணர்கிறார்கள். அதற்கு மாற்றாக, பழைய குர்தாக்களில் பார்த்திருப்பீர்களே, அக்குளில் ஒரு சிறு சதுரத்துண்டு இருக்கும்; அதைத்தான் நான் எல்லாக் கோடைச் சட்டைகளுக்கும் வைக்கிறேன். நேராக வெட்டிய கையும் நேராக வெட்டிய உடலும் போதும். தையல் விடுப்புடன் (தையலுக்காக ஓரத்தில் விடும் துணியுடன்) நான்கு அங்குலச் சதுரமாக ஒரு துண்டை வெட்டி, கையின் அடித்தையலும் உடலின் பக்கத்தையலும் சந்திக்கும் இடத்தில் அதைச் சாய்சதுரமாக நிற்கும்படி பொருத்துங்கள். ஒவ்வொரு மூலையிலும் தையல் விடுப்பின் அளவுக்கு முன்னதாகவே நிறுத்தி, ஊசியைத் துணிக்குள் இறக்கியபடியே துணியைத் திருப்பி அடுத்த பக்கத்தைத் தைக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரு தையல் கூடுதலாகப் போனாலும் அங்கே சுருக்கம் விழும். முதல் இரண்டு தடவையும் நூலைப் பிரிக்க நேரிடும், அதற்காகக் கைவிட்டுவிடாதீர்கள். அக்குளில் துணி இறுகாததால் கச்சானும் உள்ளே வரும், வியர்வைக் கறையும் குறையும்.

மெல்லிய துணிக்கு 9 அல்லது 11ஆம் இலக்க ஊசியைப் போடுங்கள். பக்கத்தையலை, துணியின் நல்ல பக்கம் வெளியே இருக்க முதலில் ஒரு தரம் தைத்து, ஓரத்தை நறுக்கி, உட்புறமாகத் திருப்பி இன்னொரு தரம் தைத்தால் பிசிறு உள்ளே மறைந்துவிடும். ஈரமான தோலில் உரசும் பிசிறுதான் பாதி எரிச்சலுக்குக் காரணம்.

அழகுக்காகக் கல்லும் சரிகையும் கழுத்தில் ஏற்ற வேண்டியதில்லை, அவை வியர்வையில் குத்தும். அம்மாவின் அல்லது அம்மம்மாவின் பழைய பருத்திச் சேலை ஏதேனும் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பலமுறை துவைத்துப் பதமான அந்தத் துணியின் மென்மை எந்தப் புதுத் துணியிலும் கிடைக்காது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, மடிப்புப் பட்ட இடங்களில் இழை நைந்திருந்தால் அவற்றைத் தவிர்த்து வெட்டுங்கள். கரையைக் கீழ்விளிம்பிலோ கையின் முனையிலோ வரவிட்டால் வேறு அலங்காரமே தேவைப்படாது. என் அம்மாவின் சிவப்புக் கரை போட்ட சேலையில் தைத்த சட்டையை மகள் மூன்று வருடம் விடாமல் போட்டாள். புதிதாக வாங்குவதென்றால் மருதமுனைக் கைத்தறியைத் தேடுங்கள்.

கறுப்பு அணியலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அபாயா தைக்க வருபவர்களும் இதையே கேட்பார்கள். பாலைவனத்தில் பெதுவீன் மக்கள் அணியும் தளர்வான அங்கிகளை ஆராய்ந்து 1980இல் நேச்சர் இதழில் வெளியான கட்டுரையொன்று, கறுப்பு அங்கி வெயிலை அதிகம் உறிஞ்சினாலும் அந்தக் கூடுதல் வெப்பம் தோலை எட்டும் முன்பே வெளியேறிவிடுகிறது என்று காட்டியது. ஆகவே தளர்வாகவும் உள்ளே பருத்தியுடனும் இருந்தால் கறுப்பையும் அணியலாம். உடலை ஒட்டிய சட்டைக்கு மட்டும் வெளிர்நிறத்தைத் தேர்ந்தெடுங்கள்.

முதல் சட்டையை முழங்கால் நீளத்தில், 45 அங்குல அகலத் துணியில் மூன்று மீற்றர் வாங்கித் தையுங்கள். வெட்டுவதற்கு முன் அதே அளவில் பழைய படுக்கை விரிப்பொன்றை வெட்டி ஓட்டுத்தையல் போட்டு அணிந்து, கொடியில் துணி காயப்போடுவதுபோல இரண்டு கைகளையும் உயர்த்திப் பாருங்கள். கீழ்விளிம்பு இருந்த இடத்திலேயே நின்றால் நல்ல துணியில் கத்தரியை வைக்கலாம்.