வேலை மாறி அட்லாண்டா போகிறேன். ஜார்ஜியா மாநிலத்தின் நிலமும் ஆரம்ப வரலாறும் பற்றிக் கொஞ்சம் சொல்ல முடியுமா?

ஒன்பது வருடமாக அட்லாண்டா புறநகரில் இருக்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன். முதலில் ஒன்று, இது ரஷ்யாவுக்குத் தெற்கே இருக்கும் ஜார்ஜியா நாடு இல்லை. சிரிக்காதீர்கள், நான் கிளம்பும்போது என் பெரியப்பா "அங்கே சண்டையெல்லாம் ஓய்ந்துவிட்டதாப்பா?" என்றுதான் கேட்டார்.

இது அமெரிக்காவின் தென்கிழக்கு மூலை. கீழே ஃப்ளோரிடா, மேற்கே அலபாமா, வடக்கே டென்னஸியும் வட கரோலினாவும், சவானா ஆற்றைத் தாண்டினால் தென் கரோலினா, கிழக்கே கொஞ்சம் அட்லாண்டிக் கடற்கரை. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இருக்கும் மாநிலங்களில் நிலப்பரப்பில் இதுதான் பெரியது. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1 கோடியே 7 லட்சம். மாவட்டம் மாதிரி இருக்கும் கவுன்ட்டிகள் 159, டெக்சஸுக்கு அடுத்து அதிகம் இங்கேதான்.

மலை, ஆறு என்று பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட ஒரே ஒரு கோட்டைத் தெரிந்துகொள்ளுங்கள், பாதி ஜார்ஜியா புரிந்துவிடும். கிழக்கில் அகஸ்டா, நடுவில் மேக்கன், மேற்கில் கொலம்பஸ் மூன்றையும் வரைபடத்தில் ஒரு கோடு போட்டு இணையுங்கள். ஃபால் லைன் என்பார்கள். டைனோசர் காலத்தில் கடல் அதுவரை இருந்தது. கோட்டுக்குத் தெற்கே அந்தக் கடல் விட்டுப்போன மணல் சமவெளி; வடக்கே பழைய பாறையும் செம்மண்ணும், அதற்கும் வடக்கே ப்ளூ ரிட்ஜ் மலை, உச்சி 1,458 மீட்டர் உயரமுள்ள பிராஸ்டவுன் பால்ட். ஆறுகள் இந்தக் கோட்டில்தான் பாறையிலிருந்து மணலுக்கு இறங்குகின்றன, அதனால் அங்கே அருவியும் சுழலும். கடலிலிருந்து ஆறு வழியாக வரும் படகு அதற்கு மேல் போக முடியாது, சரக்கை இறக்கித்தான் ஆக வேண்டும். சரக்கு இறங்கும் இடத்தில் சந்தை, சந்தை இருக்கும் இடத்தில் ஊர். மூன்று ஊர்களும் ஒரே கோட்டில் நிற்பதற்குக் காரணம் இதுதான். அந்தக் கோட்டை ஒட்டிச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைக் களிமண் வெட்டி எடுக்கிறார்கள், பீங்கானுக்கும் வழவழப்பான காகிதத்துக்கும் போகிறது. (தெற்கே விடேலியா என்ற ஊரைச் சுற்றி மண்ணில் கந்தகம் குறைவு, வெங்காயம் இனிக்கும். தெரியாமல் அதில் சாம்பார் வைத்துவிடாதீர்கள், நான் வைத்தேன்.)

அட்லாண்டா இந்தக் கணக்கில் சேராது. படகு வரும் ஆறு இல்லை, துறைமுகம் இல்லை. 1837-ல் டென்னஸியிலிருந்து வரும் ரயில்பாதை முடியும் இடம் என்று ஒரு கம்பு நட்டார்கள், ஊருக்குப் பெயரே டெர்மினஸ், அதாவது கடைசி நிறுத்தம். தலைநகரம் இங்கே வந்தது உள்நாட்டுப் போருக்கெல்லாம் பிறகு, 1868-ல். ஆகவே அட்லாண்டாவை மட்டும் பார்த்துவிட்டு "இங்கே பழசு எதுவுமே இல்லையே" என்று நினைத்துவிடாதீர்கள்.

பழசு மேக்கனில் இருக்கிறது. ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே ஒக்மல்கி ஆற்றங்கரையில் கூடை கூடையாக மண் சுமந்து பெரிய மேடுகள் கட்டியிருக்கிறார்கள், இன்றும் ஏறிப் பார்க்கலாம். இன்றைய மஸ்கோகி என்ற பூர்வகுடி மக்கள் அவர்களைத் தங்கள் முன்னோர் என்கிறார்கள். 1540-ல் டி சோட்டோ என்ற ஸ்பானியர் தங்கம் தேடிப் படையோடு இந்தப் பக்கம் போனார். ஆங்கிலேயர் வந்தது அதற்கு இருநூறு வருடம் கழித்து, 1733 பிப்ரவரியில். ஜேம்ஸ் ஓகல்தார்ப் என்பவர் நூற்றுச் சொச்சம் பேரோடு சவானாவில் இறங்கினார், இரண்டாம் ஜார்ஜ் மன்னர் பெயரைக் குடியேற்றத்துக்கு வைத்தார்கள். கடன்காரச் சிறைக் கைதிகளைக் கொண்டுவந்து விட்ட இடம் என்று இங்கேயே பலர் சொல்வார்கள். திட்டம் அப்படித்தான் ஆரம்பித்தது, ஆனால் வந்தவர்கள் பெரும்பாலும் ஏழைக் கைவினைஞர்களும் சிறு வியாபாரிகளும்.

எனக்கு ஆச்சரியம் தந்தது அடுத்த விஷயம். 1735-ல் இந்தக் குடியேற்றத்தில் அடிமை முறைக்குச் சட்டப்படி தடை. ரம்முக்கும் தடை. ஆளுக்கு இவ்வளவு ஏக்கர்தான் என்று நிலத்துக்கும் வரம்பு. பருத்திக்கும் அடிமைகளுக்கும் பேர்போன ஜார்ஜியாவா இது என்று தோன்றும். இதை இரக்கம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஓகல்தார்ப் அடிமை வியாபாரம் செய்த ராயல் ஆப்பிரிக்கக் கம்பெனியில் துணை ஆளுநராக இருந்தவர்தான். தெற்கே ஸ்பானியர் கையில் ஃப்ளோரிடா இருந்தது, தப்பி வரும் அடிமைகளுக்கு விடுதலை தருகிறோம் என்று அவர்கள் அறிவித்திருந்தார்கள். எல்லையில் அடிமைகளை வைத்தால் ஆபத்து, தானே உழுது தானே துப்பாக்கி தூக்கும் குடியானவன்தான் வேண்டும் என்பதே கணக்கு. டேரியன் ஊர் ஸ்காட்லாந்துக்காரர்கள் 1739-ல் அடிமைகள் வேண்டாம் என்று மனு எழுதினார்கள். சவானாவில் இன்னொரு கூட்டம் அடிமைகள் வேண்டும் என்று எழுதிக்கொண்டே இருந்தது, கடைசியில் அவர்கள்தான் ஜெயித்தார்கள். 1751-ல் தடை போயிற்று. 1793-ல் சவானா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் எலி விட்னி பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கும் இயந்திரத்தைச் செய்தார், அப்புறம் பருத்தி உள்நாடு முழுக்கப் பரவியது. 1860-ல் மாநிலத்தில் இருந்த பத்தரை லட்சம் பேரில் 4,62,198 பேர் அடிமைகள்.

பருத்திக்கு நிலம் வேண்டுமே. மஸ்கோகி, செரோக்கி என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து பிடுங்கிய நிலத்தை ஜார்ஜியா குலுக்கல் போட்டு வெள்ளையர்களுக்குக் கொடுத்தது, நிஜமாகவே சீட்டு எடுத்து. 1829 வாக்கில் வடக்கே டலோனிகாவில் தங்கம் கிடைத்ததும் இன்னும் வேகம். செரோக்கிகள் அப்போது சொந்த எழுத்து முறையில் பத்திரிகையே நடத்திக்கொண்டிருந்தவர்கள். 1832-ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பு சொல்லியும் ஜார்ஜியா மதிக்கவில்லை. 1838-ல் படையை வைத்து விரட்டினார்கள், வழியில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள்.

வந்து செட்டில் ஆனதும் ஒரு சனிக்கிழமை சவானாவுக்குக் காரை எடுங்கள், நாலு மணி நேரம். மேக்கன் தாண்டியதும் மேடு பள்ளம் குறைந்து ரோடு தட்டையாகும், அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். சவானாவில் ரைட் சதுக்கத்துக்குப் போங்கள். ஓகல்தார்ப் வந்தபோது ஊர் கட்ட இடம் கொடுத்து, 1734-ல் லண்டன் போய் மன்னரையும் பார்த்துவிட்டு வந்த யமக்ரா என்ற பூர்வகுடிக் கூட்டத்தின் தலைவர் டோமோசிச்சியை 1739-ல் அங்கேதான் மரியாதையோடு புதைத்தார்கள். 1880-களில் அதே இடத்தின் நடுவில் ஒரு ரயில் கம்பெனித் தலைவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பிவிட்டார்கள், அதுதான் முதலில் கண்ணில் படும். அதை விட்டுவிட்டு மூலைக்குப் போனால் 1899-ல் வைத்த ஒரு பெரிய கருங்கல் பாறை இருக்கும், அது டோமோசிச்சிக்கு. அட்லாண்டா பக்கத்தில் இருக்கும் ஸ்டோன் மவுண்டனில் வெட்டி அங்கே கொண்டுபோன கல்.