கொலோனோஸ்கோபி பயம்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

எண்டோஸ்கோபி பிரிவில் பல வருடங்களாக நர்ஸாக வேலை பார்க்கிறேன். கொலோனோஸ்கோபிக்கு, அதாவது கேமரா உள்ள குழாயைப் பின்வழியாக விட்டுப் பெருங்குடலைப் பார்க்கிற பரிசோதனைக்கு, தேதி வாங்கிவிட்டுப் பயத்தோடு இருப்பவர்கள் கேட்கலாம் என்று சொன்னதும் நிறைய பேர் எழுதிவிட்டீர்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். உங்கள் நோய், உங்கள் மருந்து பற்றிய முடிவு உங்களைப் பார்க்கிற டாக்டருடையது. அந்த அறைக்குள் என்ன நடக்கிறது, பயத்தை என்ன செய்யலாம் என்பதை நான் சொல்கிறேன்.

கேள்வி: இன்னும் பத்து நாள் இருக்கிறது, இப்போதே தூக்கம் போய்விட்டது. வயது 46. ஆஸ்பத்திரியில் படுத்ததே இல்லை. நான் மட்டும்தான் இப்படியா?

இல்லை. முதல் முறை வருபவர்களில் பயமே இல்லாமல் வருபவர்கள்தான் குறைவு. இந்தப் பதற்றத்தை அளக்க ஆய்வாளர்கள் அதிகம் பயன்படுத்தும் கேள்வித்தாள் ஒன்று உண்டு, ஸ்பீல்பெர்கர் என்ற உளவியலாளர் உருவாக்கியது. இந்த நேரத்துப் பதற்றத்துக்கு 20 கேள்விகள், ஒருவருடைய சுபாவத்திலேயே உள்ள பதற்றத்துக்கு இன்னொரு 20 கேள்விகள் என்று பிரித்துக் கேட்கும். அந்தப் பிரிவினை முக்கியம். சுபாவத்தில் தைரியசாலியாக இருப்பவருக்கும் பரிசோதனை நெருங்கும்போது பதற்றம் ஏறலாம். அதனால் உங்களைக் கோழை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

பயத்தை மொத்தமாக வைத்துக்கொண்டால் பிடி கிடைக்காது. எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். வலியா, துணி விலகுவதா, பேதி மருந்தா, மயக்கமா, ரிப்போர்ட்டில் என்ன வருமோ என்பதா? ஒவ்வொன்றுக்கும் நாங்கள் செய்வது வேறு. அந்தத் தாளை அப்படியே நர்ஸிடம் கொடுத்துவிடுங்கள். பயத்தை மறைத்துக்கொண்டு விறைப்பாகப் படுத்திருப்பவருக்கு எப்படி உதவுவது என்று எங்களுக்குத் தெரிவதில்லை. சொல்லிவிட்டால் ஊசி போடுவதிலிருந்தே எங்கள் வேலை மாறும்.

கேள்வி: வலிக்குமா? நேராகச் சொல்லுங்கள் சிஸ்டர்.

மயக்க மருந்தோடு செய்தால் பெரும்பாலானவர்களுக்கு வலி தெரிவதில்லை, தெரிந்தாலும் நினைவில் நிற்பதில்லை. மருந்து இல்லாமல் செய்தால் சிலருக்கு வயிற்றுப் பொருமல் அளவுதான் இருக்கும், சிலருக்கு நன்றாகவே வலிக்கும். காரணம் தெரிந்தால் பயம் கொஞ்சம் குறையும், அதனால் விளக்கிவிடுகிறேன்.

பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம். உள்ளே போகிற குழாய் ஒரு விரல் பருமன்தான், நன்றாக வளையும். குழாய் உரசுவதால் வலி வருவதில்லை. இடது பக்கக் கீழ்க்குடல் நெளிநெளியாக இருக்கும். அங்கே குழாய் வளையம் போட்டுக்கொண்டு குடலை இழுக்கும்போது வலிக்கும். குடல் விரிவதற்காக ஊதுகிற காற்றாலும் வலி வரும். குடலின் உள்தோலில் வெட்டு வலியை உணரும் நரம்பு கிடையாது. அதனால்தான் பயாப்ஸி (சோதித்துப் பார்க்க உள்தோலில் ஒரு சிறு துணுக்கு) எடுத்தாலும், சிறிய பாலிப்பை (உள்தோலில் வளர்கிற சிறு கட்டி) வெட்டி எடுத்தாலும் உங்களுக்குத் தெரியாது. இழுவையும் விரிவும்தான் தெரியும்.

டாக்டர் குழாயைக் கொஞ்சம் பின்னால் இழுத்து வளையத்தை நேராக்குவார். நாங்கள் உங்கள் வயிற்றைக் கையால் அழுத்திப் பிடிப்போம், அல்லது மல்லாந்து படுக்கச் சொல்வோம். சாதாரணக் காற்றுக்குப் பதில் கார்பன் டைஆக்சைடு ஊதுகிற இடங்கள் நிறைய உண்டு. குடல் அதைச் சீக்கிரம் உறிஞ்சிவிடுவதால் பரிசோதனை முடிந்த பிறகு வயிறு உப்பிக்கொண்டு இருக்காது. காற்றுக்குப் பதில் தண்ணீர் விட்டுக்கொண்டே உள்ளே போகும் முறையிலும் வலி குறைவு. உங்கள் ஆஸ்பத்திரியில் எது என்று முன்கூட்டியே கேளுங்கள், அது உங்கள் உரிமை. ஒல்லியானவர்களுக்கும், கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கும், அடிவயிற்றில் ஆபரேஷன் ஆனவர்களுக்கும் குழாய் போவது கொஞ்சம் கடினம். அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மயக்கம் கொடுத்தால் எழுந்திருப்பேனா? மயக்கத்தில் எதையாவது உளறிவிடுவேனா?

இரண்டு வகை உண்டு. மிடசோலம், ஃபென்டனில் போன்ற மருந்து கொடுத்தால் அரைத் தூக்கம். கூப்பிட்டால் பதில் சொல்வீர்கள், பிறகு பெரும்பகுதி நினைவிருக்காது. ப்ரோபோஃபால் கொடுத்தால் நன்றாகவே தூங்கிவிடுவீர்கள், மருந்தை நிறுத்திய சில நிமிடங்களில் விழித்துவிடலாம். பெரிய ஆபரேஷனுக்குக் கொடுக்கிற மயக்கம் மாதிரி இல்லை, பெரும்பாலும் மூச்சை நீங்களே விடுவீர்கள். விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜனையும் நாடித்துடிப்பையும் காட்டிக்கொண்டே இருக்கும், அதைப் பார்க்க ஒருவர் இருப்பார். உறக்கத்தில் மூச்சுத் திணறும் கோளாறோ குறட்டையோ இருந்தால் மறைக்காதீர்கள்.

உளறுவது பற்றி: சிலர் ஏதோ முணுமுணுப்பார்கள். அதை நாங்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை, வெளியே சொல்வதும் இல்லை. அப்புறம், 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டவோ முக்கியமான கையெழுத்துப் போடவோ வேண்டாம். தெளிவாகிவிட்டோம் என்று உங்களுக்குத் தோன்றும், ஆனால் மருந்து இன்னும் உடலில் இருக்கும்.

கேள்வி: எனக்கு வலியை விட வெட்கம்தான் பெரிது. ஆண் டாக்டர் முன்னால் எப்படி? இதனாலேயே இரண்டு முறை தேதியைத் தள்ளிவிட்டேன். (பெண், 52)

நீங்கள் தள்ளிப் போட்டது எனக்கு ஆச்சரியமில்லை. வெட்கத்தால் வராமலே இருந்துவிடுகிறவர்கள் உண்டு, அவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பெண் டாக்டர் வேண்டும் என்று தேதி வாங்கும்போதே கேளுங்கள். எல்லா இடத்திலும் கிடைக்காது. கிடைக்காவிட்டாலும் பெண் நர்ஸ் அறையில் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். ஆண்களும் இதேபோல் கேட்கலாம், கூச்சம் அவர்களுக்கும் உண்டு.

நடப்பதைச் சொல்கிறேன். பின்பக்கம் திறக்கிற ஒரு கவுன் தருவார்கள். இடது பக்கம் ஒருக்களித்து, முழங்காலை வயிற்றுப் பக்கம் மடித்துப் படுப்பீர்கள். மேலே ஒரு போர்வை. திறந்திருப்பது தேவையான இடம் மட்டும்தான். பின்னால் மட்டும் திறப்பு உள்ள அரைக்கால் சட்டை சில இடங்களில் உண்டு, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குழாய் உள்ளே போன பிறகு அறையில் எல்லோருடைய கண்ணும் திரையில்தான் இருக்கும். காற்று வெளியேறினால் அடக்காதீர்கள். உள்ளே ஊதியதே நாங்கள்தான், அது வெளியே வருவதுதான் எங்களுக்கும் வேண்டும்.

கேள்வி: பேதி மருந்தைக் குடிக்க முடியாமல் வாந்தி வந்துவிடுமோ, சரியாகச் சுத்தமாகாமல் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயம்.

போய்விட்டு வந்தவர்களைக் கேட்டால் பரிசோதனையை விட முதல் நாள்தான் கஷ்டம் என்று நிறைய பேர் சொல்வார்கள். மருந்தை இரண்டு பாதியாகப் பிரித்து, முதல் பாதியை முந்தைய நாள் மாலையிலும், மறு பாதியைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பும் குடிக்கச் சொல்வது இப்போது வழக்கம். குடிப்பதும் எளிது, குடலும் நன்றாகச் சுத்தமாகும். குளிரவைத்து, உறிஞ்சுகுழலால் குடித்தால் சுவை அவ்வளவாகத் தெரியாது. குமட்டினால் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு மெதுவாகத் தொடருங்கள். வாந்தி எடுத்துவிட்டால் கொடுத்திருக்கிற எண்ணுக்குப் போன் பண்ணுங்கள், அதற்காகத்தான் அந்த எண். கடைசியில் வெளியேறுவது சிறுநீர் மாதிரி மஞ்சளாக, தெளிவாக இருந்தால் சரி. சிவப்பு, ஊதா நிறப் பானங்கள் வேண்டாம், உள்ளே ரத்தம் போலத் தெரியும்.

கேள்வி: பதற்றத்துக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறேன். நிறுத்த வேண்டுமா?

நீங்களாக நிறுத்தவே கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன். சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் பதற்றம் பல மடங்காகும், குறிப்பிட்ட வகையில் வலிப்புகூட வரலாம். எல்லா மாத்திரையின் பெயரையும் அளவையும் எழுதிக்கொண்டு வாருங்கள். தூக்க மாத்திரையோ மதுவோ பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். மயக்க மருந்தின் அளவு அதைப் பொறுத்து மாறும், யாரும் உங்களைக் குறை சொல்லப் போவதில்லை. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடுகிற மருந்து, சர்க்கரை மருந்து, இரும்புச்சத்து மாத்திரை மூன்றுக்கும் தனி அறிவுரை உண்டு. தேதி வாங்கும் நாளிலேயே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: போன முறை பாதியில் கத்திவிட்டேன். அந்தக் கடைசி நிமிடங்கள் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. மறுபடியும் போகச் சொல்கிறார்கள். முடியாது என்று தோன்றுகிறது.

அதைத் தனியாகச் சுமந்துகொண்டிருக்கிறீர்களே என்பதுதான் எனக்கு வருத்தம். உங்கள் அனுபவத்துக்குப் பொருத்தமான ஒரு ஆய்வு உண்டு. டொனால்ட் ரெடெல்மியர் என்ற டாக்டரும் டேனியல் கானமன் என்ற உளவியலாளரும் 1996-ல் வெளியிட்டது. பரிசோதனை நடக்கும்போதே 154 கொலோனோஸ்கோபி நோயாளிகளிடம் நிமிடத்துக்கு நிமிடம் வலியைக் கேட்டுக் குறித்தார்கள், பிறகு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று கேட்டார்கள். எவ்வளவு நேரம் நீடித்தது என்பது நினைவை அவ்வளவாகப் பாதிக்கவில்லை. உச்சத்தில் எவ்வளவு வலித்தது, முடிவில் எவ்வளவு வலித்தது என்பதே தங்கியது. 2003-ல் வந்த அடுத்த ஆய்வில் 682 பேர். அவர்களில் ஒரு பாதிப் பேருக்கு முடிவில் குழாயின் நுனியைச் சிறிது நேரம் அசைக்காமல் வைத்திருந்து எடுத்தார்கள். நேரம் கூடியும் அவர்களுக்கு நினைவு அவ்வளவு மோசமாக இல்லை.

உங்கள் நினைவில் அந்தக் கடைசி நிமிடங்களே நிற்பது உங்கள் பலவீனம் இல்லை, மனித நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது. இந்த முறை டாக்டரிடம், "போன முறை இன்ன இடத்தில் தாங்க முடியவில்லை, இந்த முறை என்ன மாற்றுவீர்கள்?" என்று கேளுங்கள். பழைய ரிப்போர்ட்டைக் கொண்டு போங்கள். என்ன மருந்து, எவ்வளவு கொடுத்தார்கள் என்று அதில் இருக்கலாம். மயக்க மருத்துவர் இருந்து ஆழ்ந்த தூக்கத்தில் செய்வது, குழந்தைகளுக்கான மெல்லிய குழாயைப் பயன்படுத்துவது எல்லாம் உண்டு. தெளிவான பதில் வரவில்லை என்றால் வேறு டாக்டரிடம் போவதில் தவறே இல்லை.

கேள்வி: சின்ன வயதில் எனக்கு ஒரு கொடுமை நடந்தது. யாரும் பின்னால் தொடுவதை நினைத்தாலே உடல் உறைந்துவிடுகிறது.

இதை எழுதியதற்கு நன்றி. என்ன நடந்தது என்று எங்களிடம் விவரிக்க வேண்டியதில்லை. "தொடுவது எனக்குக் கடினம், ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்" என்றால் போதும். கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும் என்று ஒரு சைகையை முன்பே பேசிக்கொள்ளலாம். சிலருக்கு ஒன்றும் தெரியாமல் தூங்கிவிடுவது நிம்மதி, சிலருக்கு விழித்திருந்து திரையைப் பார்ப்பதுதான் நிம்மதி. இரண்டில் எது என்று முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள். மயக்கம் வரும்வரை நம்பிக்கையான ஒருவர் உடன் இருக்க முடியுமா என்றும் கேளுங்கள். மனநல ஆலோசகரிடம் ஏற்கெனவே போகிறவர் என்றால் தேதியை அவரிடமும் சொல்லி வையுங்கள்.

கேள்வி: குடல் ஓட்டையாகிவிடும் என்கிறார்களே?

நடக்கலாம், ஆனால் அரிது. அறிகுறி இல்லாதவர்களுக்குச் செய்கிற பரிசோதனையில் பத்தாயிரத்தில் ஒரு சிலருக்கு. பாலிப் எடுத்தவர்களுக்கு ரத்தக் கசிவு வாய்ப்பு அதைவிட அதிகம், அது இரண்டு வாரம் வரைகூடத் தாமதமாக வரலாம். கடுமையான வயிற்றுவலி, காய்ச்சல், நிற்காத ரத்தம் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: பாட்டுக் கேட்கலாமா?

தாராளமாக. இசை பதற்றத்தைக் குறைப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள், நாங்கள் சொல்வதும் கேட்க வேண்டும். மூச்சை நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள். வயிறு இறுகாமல் இருந்தால் எங்களுக்கும் வேலை சுலபம்.

கேள்வி: மலப் பரிசோதனையில் ரத்தம் என்று வந்திருக்கிறது. புற்றுநோயாக இருந்தால் தெரியாமலே இருந்துவிட்டுப் போகிறேன் என்று தோன்றுகிறது.

இந்தப் பயம்தான் எல்லாவற்றிலும் ஆழமானது. மருந்தாலும் போர்வையாலும் தீராது. அதனால் உண்மையை மட்டும் சொல்கிறேன். மலத்தில் மறைந்திருக்கும் ரத்தம் தெரிந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. மூலம், பாலிப் என்று வேறு காரணங்கள் நிறைய. பாலிப் புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பத்து வருடம் போலப் பிடிக்கும். மாறுவதற்கு முன்பே பெரும்பாலும் அதே பரிசோதனையிலேயே எடுத்துவிடுவார்கள். அதாவது இது கண்டுபிடிக்கிற பரிசோதனை மட்டும் இல்லை, வராமல் தடுக்கிற சிகிச்சையும்கூட. புற்றுநோயாகவே இருந்தாலும் ஆரம்பத்தில் பிடித்தால் குணமாகிற வாய்ப்பு மிக அதிகம். நாள் போகப் போகத்தான் அது குறையும். தயவுசெய்து தேதியைத் தள்ளாதீர்கள்.

கேள்வி: நேற்று முடிந்தது. பயாப்ஸி எடுத்திருக்கிறார்கள். அப்படியென்றால் சந்தேகமா?

அவசியம் இல்லை. குடல் பார்க்கச் சாதாரணமாக இருந்தாலும் வயிற்றுப்போக்குக்குக் காரணம் தேட எடுப்பார்கள், அழற்சியைப் பார்க்க எடுப்பார்கள், எடுத்த பாலிப்பையும் அனுப்புவார்கள். மயக்கம் தெளியும் நேரத்தில் டாக்டர் சொன்னது மறந்திருக்கும், அதனால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முடிவு எப்போது வரும், யார் கூப்பிடுவார்கள் என்ற இரண்டையும் கேளுங்கள். ஒரு தேதி கையில் இருந்தால் காத்திருப்பது கொஞ்சம் சுலபம்.

கேள்வி: என் கணவருக்கு வரும் வாரம். அவர் பயத்தைக் காட்டிக்கொள்ள மாட்டார். நான் என்ன செய்யட்டும்?

"ஒன்றும் ஆகாது" என்று சொல்லாதீர்கள். அதைக் கேட்டதும் அவர் பேச்சை நிறுத்திவிடுவார். "எது கஷ்டமாகத் தோன்றுகிறது?" என்று ஒருமுறை கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். முதல் நாள் கழிப்பறையை அவருக்கென்று விட்டுவிடுங்கள், மருந்து குடிக்கும் நேரங்களை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், அவர் முன்னால் மற்றவர்கள் சாப்பிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்த பிறகு டாக்டர் பேசும்போது அவர் பக்கத்தில் இருந்து குறித்துக்கொள்ளுங்கள். அவர் தயங்கிச் சொல்லாமல் விட்டதை, அவர் சம்மதித்தால், நீங்கள் நர்ஸிடம் சொல்லலாம். ஊசி போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.