மொடாஃபினில் விழிக்க வைக்கும், குறட்டையை நிறுத்தாது

கேள்வி: என் கணவருக்கு 44 வயது. பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி லோடு ஏற்றி, இரவில் புளியரை, ஆரியங்காவு வழியாகக் கொல்லம் போய் வருகிறார். பகலில் ஏழு மணி நேரம் தூங்கியும், சாப்பிட உட்கார்ந்தாலே கண் சொக்குகிறது. கூட ஓட்டும் டிரைவர் மொடாஃபினில் 200 மாத்திரை ஓர் அட்டை கொடுத்திருக்கிறார். தினமும் போடலாமா? - செங்கோட்டை வாசகி

பதில்: அட்டையை எடுத்து வைத்துவிடுங்கள். உங்கள் கணவர் குறட்டை விடுவாரா? நடுவில் சத்தம் அடங்கி, சில நொடி மூச்சே இல்லாமல் கிடந்து, திணறிக்கொண்டு மறுபடி ஆரம்பிக்கிறதா? அவரைக் கேட்டுப் பயனில்லை. குறட்டை விடுகிறவர் எவரும் ஒப்புக்கொண்டதில்லை!

ஆமென்றால், தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு தடைபடும் ஸ்லீப் ஆப்னியாவாக இருக்கலாம். ஏழு மணி நேரம் படுத்தும் மூளைக்கு நிம்மதியான தூக்கம் கிடைக்காது. மொடாஃபினில் அந்த அடைப்பைத் தொடாது. அதற்கான முக்கிய சிகிச்சை சிபாப் மெஷின், அதாவது தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தித் தொண்டையை அடைக்காமல் வைக்கும் கருவி. அதைப் போட்ட பிறகும் தூக்கக் கலக்கம் மிஞ்சினால்தான் துணைக்கு இந்த மாத்திரை.

இரவு வேலைக்காரர்களுக்கும் மருத்துவர்கள் இதை எழுதுவதுண்டு, வேலைக்கு ஒரு மணி நேரம் முன்பு போடச் சொல்லி. ஆனால் கணக்குப் பாருங்கள். உடலில் மருந்து பாதியாகக் குறையவே சுமார் 15 மணி நேரம் ஆகும். இரவு ஒன்பதுக்குப் போட்டால் மறுநாள் நண்பகலிலும் சுமார் பாதி உள்ளே இருக்கும். அவர் தூங்க வேண்டிய நேரமே அதுதான். பகல் தூக்கம் கெட்டால் அடுத்த இரவு இன்னும் மோசம்.

தலைவலி, குமட்டல், படபடப்பு வரலாம். ரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால் மருத்துவரிடம் சொல்லாமல் தொடவே கூடாது. தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரிது, ஆனால் உயிருக்கே ஆபத்தாகலாம். இதைச் சாப்பிடும் பெண்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாது, நிறுத்தி ஒரு மாதம் வரைக்கும்.

சளிக்கு செட்டிரிசின் மாதிரி ஏதாவது போடுகிறாரா என்றும் பாருங்கள். அதுவே தூங்க வைக்கும். தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரைக்கும் ரத்தப் பரிசோதனை தேவை.

இன்றைக்கு அவர் தூங்கும்போது குறட்டையைப் போனில் பதிவு செய்து, நுரையீரல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ காட்டுங்கள். தூக்கத்தில் மூச்சைக் கண்காணிக்கும் ஸ்லீப் ஸ்டடி பரிசோதனை எடுக்கச் சொல்வார். அதுவரை புளியரை எஸ் வளைவில் இரவில் அவர் ஸ்டியரிங் பிடிக்க வேண்டாம். மாற்று டிரைவர் ஓட்டட்டும். கட்டன் சாயாவை நம்பி மலை ஏற வேண்டாம்.